சடையனின் ஜீப்பும் ரகசிய சுவிட்சும்

தேக்கங்காட்டில் சடையன் என்றொரு கரடி இருந்தது. அதனிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. காட்டின் நடுவே கரட்டுமலை. உச்சிக்குப் போகும் வழி முழுக்கப் பாறையும் பள்ளமும்தான். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் அந்த ஜீப்பைத் தவிர வேறெந்த வண்டியும் அதில் ஏறாது.

கோடை வந்தால் உச்சியிலுள்ள சுனை வற்றிவிடும். அங்கே வாழும் மான்களுக்கும் முயல்களுக்கும் சடையன்தான் அடிவாரக் குளத்திலிருந்து பீப்பாயில் தண்ணீர் கொண்டுபோகும். அந்த வருஷம் செவந்தி என்ற புள்ளிமான் அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. தாய்க்குத் தண்ணீர் இல்லையென்றால் குட்டிக்குப் பால் இல்லை.

இந்தச் சமயத்தில் பக்கத்துக் காட்டில் ஒரு ஜீப் திருட்டுப் போனது. தன் ஜீப்பும் போய்விடுமோ என்று சடையன் பயந்தது. வண்டி பழுது பார்க்கும் கீரி சின்னப்பனிடம் ஓடியது.

கீரி ஸ்டீயரிங்கையும் பிரேக்கையும் சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டியது. பிறகு ஓட்டுநர் இருக்கைக்கு அடியில், யார் கண்ணிலும் படாதபடி, ஒரு குட்டி சுவிட்சை வைத்தது.

“இதை அமுக்கினால்தான் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் அண்ணே. இது இருக்கிற இடம் நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சா போதும்!” என்றது கீரி. “அப்புறம் இன்னொன்னு. பெட்ரோல் காட்டுற முள்ளு கெட்டுப்போச்சு. டேங்க் காலியானாலும் நிறைஞ்சிருக்குன்னே காட்டுது. மாத்திடவா?”

சடையனின் முகம் சுருங்கிவிட்டது. தன் வண்டியில் ஒரு குறையும் கிடையாது என்று காடெல்லாம் சொல்லி வைத்திருந்தது அது.

“மெதுவா பேசுப்பா! யார் காதுலயாவது விழுந்தா என் மானம் என்னாகும்? நான் மலை ஏறப்போற நேரத்துலதான் கேன்லேர்ந்து ஊத்திக்கிறேனே, அது போதும். இதை வெளியே மூச்சு விடாதே!”

சுவிட்சு ரகசியத்தைச் சடையன் காப்பாற்றியது. அன்று சாயங்காலம் வரைக்கும்!

முதலில் முயலைக் கூப்பிட்டது. “உனக்கு மட்டும் காட்டுறேன். யார்கிட்டயும் சொல்லாதே!” அடுத்து காட்டுப்பன்றிக்கு மட்டும். அடுத்து அணிலுக்கு மட்டும். வழியில் இறங்கிய ஒரு கொக்குகூட இருக்கைக்கு அடியில் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் பறந்தது.

மலையுச்சியில் செவந்தியையும் அது விடவில்லை. “எனக்கு எதுக்குண்ணே சுவிட்சும் பூட்டும்? தண்ணி வந்தா போதும்” என்றது மான். சடையனுக்குச் சப்பென்று போய்விட்டது.

ஒருநாள் மினுக்கன் என்ற மரநாய் வந்தது. ஜீப்பைச் சுற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது.

“இந்தச் சங்கிலி என்னத்துக்கு ஆகும்? கெட்டிக்காரத் திருடன் வந்தா நொடியில அவுத்துடுவான்!”

சடையனுக்குச் சுருக்கென்றது. “சங்கிலி மட்டும்தான்னு நினைச்சியா? இங்கே குனிஞ்சு பார்!” என்று சுவிட்சைக் காட்டியது.

“அட! சரி, சாவியை எங்காவது தொலைச்சிட்டா?”

“நானா தொலைப்பேன்? எல்லாச் சாவியும் அந்தப் புளியமரப் பொந்துல பத்திரமா இருக்கு!”

மரநாய் பெட்ரோல் முள்ளை எட்டிப் பார்த்தது. “டேங்க் நிறைஞ்சிருக்கு போல?”

சடையன் ஒரு கணம் தடுமாறியது. பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது. “என் டேங்க் எப்பவும் நிறைஞ்சுதான் இருக்கும்!”

மறுநாள் மத்தியானம் சடையன் தேன் குடித்துவிட்டு அசந்து தூங்கியது. கண் விழித்தபோது தண்ணீர்ப் பீப்பாய் கீழே கிடந்தது. சங்கிலி அதன் பக்கத்தில் கிடந்தது. ஜீப் இல்லை!

சடையன் தலையில் அடித்துக்கொண்டு அழுதது. மலையிலிருந்து முயல் மூச்சிரைக்க இறங்கி வந்தது. “தண்ணி எங்கே? செவந்தி அக்கா எழுந்திருக்கவே முடியாம கிடக்குது! குட்டி பாலுக்குக் கத்துது!”

சத்தம் கேட்டுக் கீரியும் ஓடி வந்தது. “சுவிட்ச் இருக்கிற இடத்தை யார்கிட்ட அண்ணே சொன்னே?”

யாரிடம் சொல்லவில்லை என்று கேட்டிருந்தால் பதில் சுலபமாக இருந்திருக்கும். கீரி அடுத்ததைக் கேட்டது.

“சரி, டேங்க்ல எவ்வளவு இருந்துச்சு?”

“நேத்து இறங்கி வந்ததோட...” சடையனின் அழுகை சட்டென்று நின்றது. “அடி மட்டம்! ஒரு வாய் பெட்ரோல்கூட இருக்காது!”

கேனைத் தூக்கிக்கொண்டு சக்கரத் தடத்தின் வழியே ஓடியது. கீரியும் பின்னாலேயே ஓடியது. முதல் வளைவைத் தாண்டியதும் ஜீப் நின்றுகொண்டிருந்தது. உள்ளே இருக்கைக்கு அடியில் தலையை விட்டு, வாலை மேலே தூக்கிக்கொண்டு, மினுக்கன் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தது. சடையன் அந்த வாலைப் பிடித்து அப்படியே தூக்கியது.

“அடிக்காதே அண்ணே!” என்று தலைகீழாகத் தொங்கியபடி கத்தியது மரநாய். “சங்கிலியைக் கழட்டினேன், சுவிட்சை அமுக்கினேன், டேங்கும் நிறைய இருக்கு. அப்படியும் வண்டி நின்னுபோச்சு! இன்னொரு சுவிட்ச் எங்கே வச்சிருக்கே? அதை மட்டும் சொல்லிட்டு அடி!”

சடையனுக்கு வாய் நமநமவென்றது. சொல்ல வாயைத் திறந்தே விட்டது. கீரி சடையனை முறைத்துப் பார்த்தது. சடையன் வாயை மூடிக்கொண்டு, மரநாயை நாலு சாத்து சாத்தி, எல்லைக்கு அப்பால் விரட்டியது.

பிறகு பெட்ரோலை ஊற்றி, பீப்பாயை ஏற்றி, பொழுது சாய்வதற்குள் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. செவந்தி தலையை எடுக்காமல் குடித்தது. குட்டி பாலுக்கு முட்டியது. அதைப் பார்த்த சடையனுக்குக் கண் கலங்கியது. இந்தக் குட்டியைத்தானே தன் ஜம்பம் கொல்லப் பார்த்தது என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

எல்லா மிருகங்களும் சூழ்ந்துகொண்டன. “திருடன் எப்படி மாட்டினான்? எங்களுக்கு மட்டும் சொல்லு! யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்!”

“முதல்ல தண்ணியைக் குடிங்க” என்றது சடையன்.

அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. கெட்டுப்போன அந்தப் பெட்ரோல் முள்ளையும் அது கடைசிவரை மாற்றவே இல்லை.

பொருளுக்கு எத்தனை பூட்டுப் போட்டாலும், அந்தப் பூட்டைப் பற்றிப் பெருமையடிக்கும் வாய் திறந்தே கிடந்தால், திருடனுக்கு வழி காட்டுவது நாமேதான்.