கருங்கொம்பன் வைத்த மூன்று எட்டு

ஆடும் கோழியும் வாய் திறந்து வம்பளந்த அந்தக் காலத்தில், கடாக்கள் நின்ற இடத்திலேயே முட்டிக்கொள்ளும். தள்ளுப்பட்டுப் போனால் பரவாயில்லை; தானாகப் பின்வாங்கிய கடா தோற்ற கடா என்றுதான் கணக்கு.

மலையடிவாரத்தில் கருங்கொம்பன் என்ற கடா சண்டைக்கலை சொல்லிக்கொடுத்து வந்தது. சேவல், கீரி, உடும்பு என ஏழெட்டு மாணவர்கள். "அடிக்கிறதுக்கு முன்னாடி மூணு எட்டு பின்னால போங்க. எதிராளி விலகிப் போக ஒரு வழி கொடுங்க" என்று தினமும் சொல்லும். ஆனால் அதைத் தானே செய்து காட்ட வேண்டிய நிலைமை அதற்கு வந்ததே இல்லை. சொல்வதில் என்ன கஷ்டம்?

ஒருநாள் காலையில் பக்கத்து மலையிலிருந்து செவலைக் கடா ஒன்று களத்துக்குள் நுழைந்தது.

"பின்னால போகச் சொல்லித் தர்ற பயந்தாங்கொள்ளி ஆசான் நீதானா? வா, முட்டிப் பார்ப்போம். ஒரு எட்டு பின்வாங்கினாலும் இந்தக் களம் எனக்கு. உன் பிள்ளைகளும் எனக்கு."

கருங்கொம்பனுக்குக் கோபம் தலைக்கேறியது. நெற்றியோடு நெற்றி வைத்துச் செவலையைத் தள்ளிக்கொண்டே போனது. செவலை கால் ஊன்றி நின்றதும், ஒரே முட்டில் தீர்த்துவிடலாம் என்று கருங்கொம்பன் தலையைத் தாழ்த்தியது. மாணவர்கள் மூச்சுவிடாமல் பார்த்தன. கீரி மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டது.

"ஆசானே, மூணு எட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கருங்கொம்பனுக்குச் சுருக்கென்றது. பின்னால் போனால் களம் போய்விடும். போகாவிட்டால் இத்தனை நாள் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு எட்டு வைத்தது. செவலை கைகொட்டாத குறையாகச் சிரித்தது. சேவல் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டது. இரண்டு எட்டு. மூன்று எட்டு.

நெற்றி விலகிய பிறகுதான் கருங்கொம்பனுக்கு எதிரே இருப்பது முழுதாகத் தெரிந்தது. செவலையின் பின்னங்கால்கள் களத்தோரத்து மொட்டைக் கிணற்றின் விளிம்பில் இருந்தன. கோபத்தில் அங்கே கிணறு இருப்பதே கருங்கொம்பனுக்கு மறந்துபோயிருந்தது.

"அசையாதே! பின்னால கிணறு. மெதுவா முன்னால வா."

செவலை திரும்பிப் பார்த்தது. காலடியில் கல் சரிந்து 'தொபுக்'கென்று தண்ணீரில் விழுந்தது. அடிமேல் அடி வைத்து முன்னால் வந்தது.

"முட்டியிருந்தா நான் செத்திருப்பேன்."

"முட்டத்தான் இருந்தேன்" என்றது கருங்கொம்பன், மறைக்காமல்.

செவலை தலை குனிந்தது. "களம் உன்னோடதுதான்யா. அந்த மூணு எட்டை எனக்கும் சொல்லிக்கொடு."

கருங்கொம்பனுக்கு மனம் நிறைந்துபோனது. அன்றைய பாடம் இரண்டு கடாக்களுக்கும் சேர்த்தே நடந்தது. செவலை அதைத் தன் மந்தைக்குக் கொண்டுபோக, மந்தை மந்தையாக அது பரவியது.

அன்று முதல்தான் எந்தக் கடாவும் முட்டுவதற்கு முன்னால் சில எட்டு பின்னே போகிறது. வேகம் பிடிக்கிறது என்று வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். விலகிப் போக உங்களுக்குக் கொடுத்த நேரம் அது.