பூசணிக்காய் சொன்ன தீர்ப்பு

வேட்டை முகாமில் செங்காட்டு ஜமீன்தாருக்கும் அவர் மைத்துனருக்கும் தோட்டாவைப் பற்றிச் சண்டை வந்துவிட்டது.

"காட்டெருமையின் எலும்பை நொறுக்கத் தடித்த தோட்டாதான் வேண்டும்" என்றார் ஜமீன்தார்.

"என் ஒல்லித் தோட்டாவின் வேகம் அதற்கு வருமா? தூரத்திலேயே சாய்த்துவிடும்" என்றார் மைத்துனர்.

பேச்சு முற்றியது. பரிமாறிக்கொண்டிருந்த சமையல்காரர் பொன்னுரங்கத்தை ஜமீன்தார் கூப்பிட்டார்.

"எது உசத்தி, நீ சொல். மழுப்பினால் நாளையிலிருந்து உனக்கு இங்கே வேலை இல்லை."

யார் பக்கம் சொன்னாலும் மற்றவர் சும்மா விடமாட்டார். பொன்னுரங்கம் கைகட்டி நின்றார்.

"கண்ணால பார்த்தா சொல்லிடுவேனுங்க, சாமி. ஆளுக்கொரு பூசணிக்காய் வைக்கிறேன், சுட்டுக் காட்டுங்க."

எதிர்மேட்டில் காய்களை வைத்தார். இருவரும் மாறி மாறிச் சுட்டார்கள். மேடெல்லாம் புழுதி பறந்தது. தோட்டா தீர்ந்ததும் பொன்னுரங்கம் போய்க் காய்களைத் தூக்கிவந்து, திருப்பித் திருப்பிக் காட்டினார். ஒன்றிலும் ஒரு கீறல்கூட இல்லை.

"ரெண்டு தோட்டாவும் ஒரே தரமுங்க, சாமி. பூசணிக்காய்க்கு ரெண்டையுமே ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

முதலில் மைத்துனருக்குச் சிரிப்பு வந்தது. அதைப் பார்த்து ஜமீன்தாரும் சிரித்துவிட்டார்.

"சரிதான், போய்க் கூட்டு வை" என்றார்.

அன்றைக்கு இருவருமே மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.