ஒண்ணு காட்டும் மூடி

கருங்கல்பட்டியில் மூணு பேர் பரீட்சை எழுதி, பாஸாகி, அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கிவிட்டார்கள். பரீட்சைத் தாள் திருத்தியவருக்கு அன்றைக்கு என்ன அவசரமோ, யாருக்குத் தெரியும்!

மூவரில் மூத்தவர் கொம்பையா. தீப்பெட்டி ஆபீசில் மேஸ்திரி. அவரிடம் உருப்படியாக இருந்தது மீசை ஒன்றுதான். காலையில் எழுந்ததும் அதற்கு எண்ணெய் போட்ட பிறகுதான் பல் விளக்குவார். மற்ற இருவர், பந்தல்காரர் சூசைமாணிக்கமும் புரோட்டாக்கடை அய்யாத்துரையும்.

இந்த மீசைக்குத்தான் வந்தது வினை. செவல்மேட்டில் இருக்கும் அக்கா புருஷன் அணஞ்சபெருமாள் ஏற்கெனவே ரேடியோக்காரர். கல்யாண வீட்டுப் பந்தியில், அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டார்.

"மாப்ள, வர்ற ஞாயித்துக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள உன் குரல் என் செட்டுல கேக்கணும். கேக்கலேன்னா மீசையை எடுத்துரணும்."

"கேக்கும் மச்சான்!" என்று கொம்பையா இலையிலேயே அடித்துச் சத்தியம் பண்ணினார். பக்கத்தில் இருந்தவர் சட்டையெல்லாம் ரசம்.

கொம்பையா வீட்டு மொட்டைமாடியில் ஆண்டெனாக் கம்பி கட்டியாயிற்று. அது செட்டுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு மீட்டர் வேண்டும், அதற்கு ஆண்டெனா அனலைசர் என்று பெயர். எதை வாங்குவது? மதுரையில் இருக்கும் பழைய ரேடியோக்காரர் ரத்தினவேல் சாருக்குப் போன் போட்டார்கள்.

"புதுசா வர்றவங்களுக்குப் பட்டன் கம்மியா இருக்கணும். வெயில்ல திரை தெரியணும். பேட்டரி நாள் முழுக்க நிக்கணும். வாங்கி ஆண்டெனாவுல மாட்டுங்க. ஒண்ணுன்னு காட்டுனா அருமை. ரெண்டு, மூணுன்னு ஏறுனா கம்பி நீளம், கொஞ்சம் கொஞ்சமா நறுக்குங்க" என்றார் அவர். நல்ல மனுஷன், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலையில் மூவரும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் நாலைந்து அனலைசரை எடுத்து வைத்தார். சூசைமாணிக்கம் ஒவ்வொன்றிலும் பட்டனை எண்ணிவிட்டு, மேஜை ஓரத்தில் இருந்த ஒன்றைத் தூக்கினார்.

"கொம்பையாண்ணே, இதுல ஒரே பட்டன். இதான் நமக்கு."

"அண்ணாச்சி, அது ஆளைக் கூப்பிடற பெல்லு" என்றார் கடைக்காரர்.

கடைசியில் இரண்டு பட்டன் வைத்த ஒன்றை எடுத்தார்கள். அடுத்தது வெயில். நடுரோட்டில் நின்று உச்சிவெயிலில் திரையை உற்றுப் பார்த்தார்கள். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்து ஓய்ந்துபோனான்.

"திரை நல்லாத் தெரியுது. பஸ்ஸுதான் தெரியல" என்றார் அய்யாத்துரை.

பிறகு பேட்டரி. அனலைசரை ஆன் பண்ணி ஸ்டூலில் வைத்து, மூவரும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். கடை சாத்தும் நேரத்துக்கு அது அணைந்தது. "நாள் முழுக்க நின்னுச்சு" என்று திருப்தியாகக் கை தட்டினார்கள். கடைக்காரர் விட்டால் போதும் என்று பில் போட்டார்.

ஞாயிறு காலையில் சார்ஜ் ஏற்றி மாடிக்குப் போனார்கள். கம்பியை மாட்டினால் மூணு. அய்யாத்துரை புரோட்டாக் கரண்டியோடு தயாராக இருந்தார். கொஞ்சம் நறுக்கினார், ரெண்டு. இன்னும் கொஞ்சம், ஒண்ணரை. கொம்பையாவுக்கு மீசை துடித்தது. இன்னும் நறுக்கினார், நாலு!

"ஏறிருச்சே!" என்றார் அய்யாத்துரை.

"ஏறுனா நீளம்னு சார் சொன்னாருல்ல? நறுக்குடா!" என்றார் கொம்பையா. கம்பி ரொம்பக் குட்டையானாலும் மீட்டர் ஏறும் என்று சார் சொல்லவில்லையே.

நறுக்க நறுக்க ஏறியது, ஏற ஏற நறுக்கினார்கள். கொத்துபுரோட்டா போல மாடி முழுக்கக் கம்பித் துண்டு. கட்டியிருந்த இடத்தில் வெறும் முடிச்சுதான் பாக்கி.

"என் மீசை போச்சே!" என்று கொம்பையா தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

சூசைமாணிக்கம் அனலைசர் பெட்டியைக் கவிழ்த்தார். விரல்நுனி அளவில் ஒரு பித்தளை மூடி விழுந்தது. மீட்டர் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கக் கூடவே கொடுக்கிற சாமான் அது. ரேடியோ அலையை வெளியே விடாது, தானே விழுங்கிச் சூடாகும். சூசைமாணிக்கம் அதைத் திருகினார். ஒண்ணு. அசையாத ஒண்ணு.

"யண்ணே! இதுதான்ணே அசல் ஆண்டெனா! இத்தனை நாளா எல்லாரும் கம்பி கட்டி ஏமாந்திருக்கானுவ!"

பந்தல் மூங்கில் மூன்றைச் சேர்த்துக் கட்டி, அதன் உச்சியில் மூடியை ஏற்றி, கீழே செட்டுக்கு ஒயர் இழுத்தார்கள். கீழேயிருந்து பார்த்தால் மூங்கில்தான் தெரிந்தது. கொம்பையா மைக்கைப் பிடித்து, "மச்சான், கேக்குதா, ஓவர்" என்று தொண்டை வறளக் கத்தினார். பதிலே இல்லை. மறுபடி மதுரைக்குப் போன்.

"மீட்டர் என்ன காட்டுது?"

"ஒண்ணு சார்."

"அப்ப ஆண்டெனா அருமை. தூரம் ஜாஸ்தியோ என்னமோ, கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க."

உடனே பந்தல் சாமான் ஏற்றும் குட்டியானை வண்டியில் செட்டு, பேட்டரி, மூங்கில் எல்லாம் ஏறியது. ஊர் எல்லையில் நிறுத்தி மூங்கிலை நட்டார்கள். மீட்டர் ஒண்ணு, மச்சான் இல்லை. கண்மாய்க் கரையிலும் அதே கதை. செவல்மேட்டுப் பஸ் ஸ்டாண்டிலும் அதே கதை. பொழுது சாய்ந்துகொண்டே வந்தது. கொம்பையா ஒரு கையில் மைக்கும் மறு கையில் மீசையுமாக இருந்தார்.

கடைசியில் மச்சான் வீட்டு வாசலிலேயே மூங்கிலை ஊன்றினார்கள்.

"மச்சான், கேக்குதா, ஓவர்!"

"கேக்குது மாப்ள! பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி கேக்குது! இப்படி ஒரு தெளிவை நான் பார்த்ததே இல்ல!" என்று வீட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

கொம்பையா கண்ணில் ஆனந்தக் கண்ணீர். சத்தம் கேட்டு அக்கா வெளியே வந்தாள். "ஏலே தம்பி, வாசல்ல என்னலே பண்ணுத? உள்ள வாயேன்."

"சும்மா இரு அக்கா. உள்ள வந்தா தூரம் குறைஞ்சிரும், செல்லாது" என்று சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் வண்டியைத் திருப்பினார். மீசை தப்பியது.

அணஞ்சபெருமாள் சும்மா இருப்பாரா? மாப்பிள்ளையிடம் போனில் விவரம் கேட்டு, தன் நல்ல கம்பியை அவிழ்த்து எறிந்துவிட்டு, அதே மாதிரி மூடி ஒன்றை வாங்கி ஏற்றினார். "அடுத்த ஞாயிறு நான் கூப்பிடுதேன். கேக்கலேன்னா என் மீசையை எடுத்துக்க" என்றார்.

அடுத்த ஞாயிறு ரெண்டு வீட்டிலும் மீட்டர் ஒண்ணு, குரல் மட்டும் இல்லை. என்ன செய்வது என்றுதான் இப்போது இருவருக்கும் தெரியுமே. கொம்பையா செவல்மேட்டுக்கு வண்டி எடுத்தார். அதே நேரம் அணஞ்சபெருமாள் கருங்கல்பட்டிக்கு வண்டி எடுத்தார். ரெண்டு வண்டியிலும் செட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

கண்மாய்க் கரை வளைவில் இரண்டும் எதிரெதிரே வந்தன.

"மாப்ள, கேக்குதா?"

"கேக்குது மச்சான்! அருமையாக் கேக்குது! வண்டியை நிறுத்திராதீங்க, இன்னும் கிட்ட வாங்க!"

"நீயும் நிறுத்தாத! இதே வேகத்துல வா!"

ஒருவருக்கொருவர் சந்தோஷமாகக் கையை ஆட்டிக்கொண்டு, இருவரும் வேகமாகக் கடந்து போனார்கள்.