மூக்கை நுழைத்த கேபிள்

ஒரு காலத்தில், ரொம்ப முந்தியெல்லாம் இல்லை, போன மாசியில், தூத்துக்குடியில் ஒரு டிவி கேபிள் இருந்தது. வெள்ளை நிறம், புது வாசனை. கடையில் அளந்து வெட்டி, வட்டமாகச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அதன் ஒரு நுனியில் அதன் மூக்கு இருந்தது. எல்லா கேபிளுக்கும் மூக்கு உண்டுதான். ஆனால் இதன் மூக்குக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது.

கடையில் இருந்தபோதே பக்கத்துப் பெட்டியில் கிடந்த ஸ்விட்சைப் பார்த்து, "உன்ன அழுத்துனா வலிக்குமா?" என்று கேட்டது. ஸ்விட்ச் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கேபிளை வாங்கியவர் கில்டா. அவருக்குச் சொந்தமாக ஒரு படகு இருந்தது. மீன் பிடிக்கிற படகு அல்ல. உள்ளே இரண்டு மெத்தை, ஒரு சின்ன அடுப்பு, சன்னலுக்குத் திரை எல்லாம் வைத்த அறைப் படகு. மாதத்துக்கு ஒரு முறை வந்து, சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு தீவுப் பக்கம் போய் வருவார். மற்ற நாளெல்லாம் படகு கரையோரம் தனியாகக் கட்டிக் கிடக்கும். அதில் ஒரு டிவி இருந்தால் நன்றாக இருக்குமே என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

வேலைக்கு வந்தவர் பெர்க்மான்ஸ். ஊரில் பாதி வீட்டுக்கு அவர்தான் வயரிங் செய்தவர். படகுக்கு வயர் இழுப்பது இதுதான் முதல் தடவை. அதை மட்டும் அவர் கில்டாவிடம் சொல்லவில்லை.

ஆன்டெனா பின்பக்கக் கம்பத்தில். டிவி முன்பக்க அறையில். இரண்டுக்கும் நடுவே தரைப்பலகைக்கு அடியில் ஒரு இருட்டுக் குழாய். மூக்குக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. அந்த இருட்டைத் தாண்டினால் டிவி. டிவியில் உலகமே வரும். முதல் படம் தன் மூக்கு வழியாகத்தான் போயாக வேண்டும்.

"மொதப் படம் என்னவா இருக்கும்? யானையா இருக்குமோ?" என்று கேட்டது.

"யானையோ பூனையோ, மொதல்ல நீ ஒழுங்கா போய்ச் சேரு" என்றது ஒரு குரல். பெர்க்மான்ஸின் சட்டைப்பையில் நிமிர்ந்து நின்ற டெஸ்டர்தான். கண்ணாடி உடம்பு, வயிற்றுக்குள் கடுகளவு விளக்கு. நெஞ்சோடு ஒட்டியே போய்வருவதால் கொஞ்சம் தலைக்கனம்.

"உங்களுக்கு என்ன வேலைண்ணே?"

"எதுக்கு உயிர் இருக்கு, எது செத்ததுன்னு சொல்றது. ஒரு வயரத் தொடுவேன். நான் எரிஞ்சா அதுக்கு உயிர் இருக்கு. எரியலேன்னா செத்தது. அம்புட்டுதான்."

"நீங்க தப்பே பண்ணுனது இல்லியா?"

"எத்தன வீட்ட பாத்திருக்கேன் தெரியுமா?" என்றது டெஸ்டர். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று மூக்குக்குத் தெரிந்தது. ஆனால் அதற்குள் பெர்க்மான்ஸ் மூக்கைப் பிடித்து, வயர் இழுக்கிற ஸ்பிரிங்கோடு சேர்த்து டேப் சுற்றிவிட்டார்.

கில்டா பின்னாலிருந்து கேபிளைத் தள்ளிக் கொடுத்தார். பெர்க்மான்ஸ் அறைக்குள் உட்கார்ந்து ஸ்பிரிங்கை இழுத்தார். பாதித் தூரம் வெண்ணெய் மாதிரி வந்தது. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அதில் ஒரே ஓட்டை. அந்த ஓட்டையில் ஏற்கெனவே ஒரு பழுப்பு வயர் உட்கார்ந்திருந்தது. மூக்கு அங்கே மாட்டிக்கொண்டது.

பெர்க்மான்ஸ் டார்ச் அடித்துப் பார்த்தார். அறையில் இருந்த ஸ்விட்ச் போர்டில் அந்தப் பழுப்பு வயரின் மறுமுனை இருந்தது. டெஸ்டரை எடுத்துத் தொட்டார். எரியவில்லை.

"செத்த வயர்க்கா. சும்மா கெடந்து எடத்த அடைச்சிக்கிட்டிருக்கு. வெட்டி உருவிட்டா கேபிள் தாராளமா வந்துரும்" என்றார்.

"எதுக்குப் போட்டதுன்னு பாக்காண்டாமா பெர்க்மான்ஸ்?"

"படக வாங்கும்போதே கெடந்ததுதான? நீங்க கவலப்படாதீங்கக்கா. மொதல்ல சாப்பிட்டுருவோம்."

இருவரும் மேல்தட்டில் பொட்டலத்தைப் பிரித்தார்கள். கீழே இருட்டில், மூக்கும் பழுப்பு வயரும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக் கிடந்தன.

செத்தவர்களை மூக்கு அதுவரை பார்த்ததில்லை. பயம் கொஞ்சம், ஆசை நிறைய. மெல்ல முகர்ந்து பார்த்தது.

"தள்ளிக்கோ. கூசுது" என்றது பழுப்பு வயர்.

மூக்கு ஆடிப்போய்விட்டது. "நீங்க செத்துட்டதா சொன்னாங்களே!"

"யாரு?"

"டெஸ்டர் அண்ணன்."

"அது வீட்டுக் கரண்டு பாத்து வளந்த பய. எரநூத்து முப்பது வோல்ட் வந்து மண்டையில அடிச்சாதான் அதுக்குத் தெரியும். இங்க பேட்டரி. பன்னெண்டுதான். அது என்னையத் தொட்டது எனக்குத் தெரிஞ்சது. அதுக்குத்தான் என்னையத் தெரியல."

"சரி, உயிரோட இருந்து நீங்க என்ன பண்றீங்க? படம் கொண்டு போறீங்களா? பாட்டா?"

"ஒண்ணும் கொண்டு போகல. காத்திருக்கேன்."

இப்படி ஒரு வேலையை மூக்கு கேள்விப்பட்டதே இல்லை. அது விடவில்லை. குடைந்து குடைந்து கேட்டது. பழுப்பு வயர் அதிகம் பேசிப் பழகியதில்லை, ஆனாலும் சொன்னது. எஞ்சினிலிருந்து வெளியே போகிற இரும்புத் தண்டைச் சுற்றிக் கடல் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே வருகிறது. படகின் அடியில் சேருகிறது. அங்கே பழுப்பு வயரின் நுனியில் ஒரு மிதவை கட்டியிருக்கிறது. தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும். மிதவை ஏறிய நிமிடம் பழுப்பு வயர் பேட்டரியைப் பம்ப்போடு சேர்த்துவிடும். பம்ப் ஓடித் தண்ணீரை வெளியே துப்பும். வாரத்துக்கு இரண்டு தடவை, யாரும் இல்லாத நேரத்தில்.

"உங்கள வெட்டிட்டா?"

"அடுத்த மாசம் அந்தம்மா வரும்போது இங்க கயிறு மட்டும் இருக்கும். படகு கடலடியில கெடக்கும். உன் டிவியும் அடியில கெடக்கும்."

மூக்குக்கு முதன்முறையாக ஒரு கேள்வியும் தோன்றவில்லை. துக்கம்தான் வந்தது. மூக்கு சும்மா இருந்தாலே போதும். பழுப்பு வயர் போய்விடும், வழி பிறக்கும், முதல் படம் வரும். இன்றைக்கு ஒரு நாளாவது எல்லாரும் டிவி பார்ப்பார்கள்.

மேலே கை கழுவும் சத்தம் கேட்டது.

"கடைசியா ஒரு தடவ இழுத்துப் பாக்கேன்க்கா. வரலேன்னா வெட்டிருவோம்" என்றார் பெர்க்மான்ஸ். ஒரு கையில் ஸ்பிரிங், மறு கையில் கட்டர்.

மூக்கில் சுற்றிய டேப்பின் நுனி கொஞ்சம் பிரிந்திருந்தது. மூக்கு அந்தப் பசையைப் பழுப்பு வயர் மேல் அப்பியது. அப்படியே வளைந்து அதைக் கட்டிக்கொண்டது.

"என்ன பண்ற? தோல் கிழிஞ்சிரும்" என்றது பழுப்பு வயர்.

"உங்க மிதவைய எனக்குப் பாக்கணும். பாக்க முடியாது. அசைச்சாவது பாக்கேன்."

பெர்க்மான்ஸ் பலம் கொண்ட மட்டும் இழுத்தார். பலகை விளிம்பு மூக்கின் வெள்ளைத் தோலைச் சீவியது. உள்ளிருந்த செம்புக் கம்பி வளைந்து நசுங்கியது. வலியில் உயிரே போனது, ஆனாலும் மூக்கு பிடியை விடவில்லை. பழுப்பு வயரும் கூடவே ஒரு சாண் நகர்ந்தது. அங்கே பின்பக்கத்தில் அதன் கடைசி முனையில் கட்டியிருந்த மிதவை வெடுக்கென்று தலையைத் தூக்கியது.

டர்ர்ர்ர் என்றது படகின் அடிவயிறு.

"பெர்க்மான்ஸ்!" கில்டா பின்பக்கத்திலிருந்து கத்தினார். "படகுலருந்து தண்ணி பீச்சுது!"

பெர்க்மான்ஸ் கையைத் தளர்த்தினார். சத்தம் நின்றது. மறுபடி இழுத்தார். டர்ர்ர்ர். தளர்த்தினார். நின்றது. அவர் கட்டரைக் கீழே வைத்துவிட்டு, பின்பக்கம் போய்த் தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தார். கறுப்புத் தண்ணீர், மிதவை, பம்ப், அதற்கு வரும் பழுப்பு வயர். மிதவையை விரலால் ஒரு தடவை தூக்கிப் பார்த்தார்.

"அக்கா," என்றார் கடைசியில், "இது வீட்டு டெஸ்டர்லா. பேட்டரி கரண்டுக்கு எரியாதுலா. நான்தான் மடையன் மாதிரி வெட்டப் பாத்தேன்."

"வெட்டியிருந்தா?"

"படகு போயிருக்கும்க்கா."

கில்டா குனிந்து பழுப்பு வயரைத் தொட்டுப் பார்த்தார்.

பிறகு நடந்ததெல்லாம் சாதாரண வேலை. பெர்க்மான்ஸ் டிரில் வைத்துத் தடுப்பில் பழுப்பு வயருக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை போட்டார். கேபிளை அதன் வழியே இழுத்தார். ஆனால் நசுங்கிய மூக்கு இனி எதற்கும் ஆகாது. ஒரு சாண் விட்டு நறுக்கினார். கேபிளை அளந்து வாங்கியிருந்ததால் ஒரு சாண் குறைந்தது, டிவியும் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தது. சாயங்காலம் படம் வந்தது. யானை இல்லை, யாரோ ஒருவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கில்டா கை தட்டினார்.

மூக்கு அதைப் பார்க்கவில்லை. பெர்க்மான்ஸ் அதைத் தூக்கித் தன் கருவிப் பெட்டிக்குள் போட்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் டெஸ்டரும் அதே பெட்டிக்குள் வந்து விழுந்தது. அன்று அதற்குச் சட்டைப்பையில் இடம் கிடைக்கவில்லை.

பெட்டி மூடியது. ஒரே இருட்டு. அறுபட்ட இடம் மூக்குக்கு இன்னும் எரிந்தது. முதல் படத்தை நினைத்து ஒரு பாட்டம் அழுதது. அழுது முடித்ததும், பழக்க தோஷம், பக்கத்தில் கிடந்தவரை மெல்ல முகர்ந்து பார்த்தது.

"டெஸ்டர் அண்ணே."

"என்ன?"

"எரியலேன்னா செத்ததுன்னு சொன்னீங்கல்லா?"

"ஆமா, அதுக்கென்ன?"

"இந்தப் படகுல ஏறுனதுலருந்து நீங்க ஒரு தடவகூட எரியலியே," என்றது மூக்கு, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு. "நீங்க எப்பண்ணே செத்தீங்க?"