ஒரே பெட்டியில் இரண்டு டிஸ்க்

சிபியூவை ஆட்டோவில் ஏற்றி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரெஜினா கம்ப்யூட்டர் வகுப்புக்கு வந்தபோது பௌசியா டீச்சர் தனியாக இருந்தார்.

"படிக்க வந்தியா, குடிமாறி வந்தியா?"

"புது டிஸ்க்ல ஓஎஸ் போட்டுட்டேன் டீச்சர். சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க."

பெட்டிக்குள் ஏற்கெனவே அவள் கணவன் டெனிஸின் டிஸ்க் இருந்தது. அவளுடைய டைப்பிங் வேலையைக் கோபம் வந்தால் அவன் அழித்துவிடுவான். அதனால்தான் தனக்கென்று இன்னொன்று வாங்கி, கம்ப்யூட்டரை இயக்கும் ஓஎஸ்ஸை அதில் தனியாகப் போட்டிருந்தாள்.

டீச்சர் பெட்டியைப் பார்க்கவில்லை. அவள் கழுத்தைப் பார்த்தார். துப்பட்டாவையும் மீறி விரல் தடம் தெரிந்தது.

"இன்னும் அங்கேதான் இருக்கியா?"

"மாடிக்குப் போயிடறேன் டீச்சர். தனி அடுப்பு. அவர் கீழே, நானும் பிள்ளையும் மேலே. இன்னைக்கே போகச் சொல்லிட்டார்." பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "தனித்தனியா இருந்தா போதாதா? வீட்டை விட்டே வரணுமா?"

டீச்சர் பெட்டியைத் திரையோடு இணைத்தார். சுவிட்சைப் போட்டார். இரண்டில் எதைத் திறக்க என்று திரை கேட்டது. ரெஜினா தன்னுடையதைத் தேர்ந்தெடுத்தாள். திறந்தது.

"பாருங்க, அவரோடது வேற, என்னோடது வேற."

"கம்ப்யூட்டரை நிறுத்து. மூடியைக் கழற்றி, அவர் டிஸ்க் வயரை உருவு."

ரெஜினாவின் கை பாதியில் நின்றது. "தெரிஞ்சா கொன்னுடுவார் டீச்சர்."

"இங்கே அவர் இல்லை."

உருவினாள்.

"இப்ப உன்னோடதைக் கிளப்பு."

திரை கறுப்பாகவே இருந்தது. கிளப்புவதற்கு டிஸ்க்கே இல்லை என்று ஒரு வரி மட்டும் வந்தது.

"ஐயோ, என் வேலையெல்லாம்..."

"எல்லாம் உன் டிஸ்க்லதான் பத்திரமா இருக்கு. ஓஎஸ் போடும்போது அவரோடதைக் கழற்றி வைக்கச் சொன்னேனே, வச்சியா?"

"இல்லை டீச்சர். அவர் பொருளைத் தொடப் பயமா இருந்துச்சு."

"அதான். கம்ப்யூட்டர் எழும்பறதுக்கு வேண்டியதை மட்டும் ஓஎஸ் அவர் டிஸ்க்ல எழுதி வச்சிருச்சு."

ரெஜினா கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாடியிலேருந்து தெருவுக்கு எந்த வழியா இறங்குவே?" என்று டீச்சர் கேட்டார்.

"அவர் ஹால் வழியா."

"பூட்டுச் சாவி?"

"அவர்கிட்ட."

மேஜையில் ரெஜினாவின் போன் அதிர்ந்தது. டெனிஸ். ரெஜினா எடுக்கவில்லை. நின்றது. மறுபடியும் அதிர்ந்தது.

"நான் இப்ப என்ன செய்யறது டீச்சர்?"

டீச்சர் எழுந்து வாசல் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்தார். இரண்டு கையையும் நீட்டினார்.

"பிள்ளையை இப்படிக் கொடு. அவர் வயரை மாட்டாமலே, ஓஎஸ்ஸை முதல்லேருந்து போடு."