வடை மடித்த காகிதம்

ஓர் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு துண்டறிக்கை இருந்தது. கிராம சபை என்றால் என்ன என்று ஊருக்குச் சொல்ல அச்சடிக்கப்பட்டது. தனக்கு நேர்ந்த அநியாயங்களை அது வரிசை மாறாமல் நினைவில் வைத்திருந்தது. முதலாவது, கட்டுப் பிரிக்காமல் அலமாரிமேல் எறிந்தார்கள். இரண்டாவது, ஆடுகிற மேசைக்காலுக்கு அண்டை கொடுத்தார்கள். மூன்றாவது, இன்று கிராம சபைக்கு வந்தவர்களுக்கு அதில் வடை மடித்துக் கொடுத்தார்கள்.

"என்னைப் படிக்க வேண்டிய நாளில் என்மேல் எண்ணெய் துடைக்கிறார்கள்" என்று பொருமியது.

"என் வயிற்றெரிச்சலைக் கேள்" என்றது தீர்மான நோட்டு. "வாயில் வடை இருக்கும்போதுதான் என்னை நீட்டுவார்கள். இன்றைக்குக் கையெழுத்து. ஆள் கலைந்த பிறகு தீர்மானம். அதற்காகத்தான் என் மேல்பாதி வெறுமையாகக் கிடக்கிறது."

"என்ன தீர்மானம்?"

"ஊருணியை மூடிக் கடை கட்டுவது."

துண்டறிக்கைக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று வருடத்துக்கு முன் அந்த ஊருணியைத் தூர்வாரும்போதுதான் கோட்டைச்சாமி மண் சரிந்து செத்துப்போனான். அவன் மனைவி இருளாயியின் கையில்தான் துண்டறிக்கை இப்போது இருந்தது.

"சபைக்கு வராதவர்கள் கையெழுத்துக்கு என்ன செய்வார்கள்?"

"பழைய பட்டியலைப் பார்த்து அவர்கள் பேரையும் எழுதிக்கொண்டார்கள்."

"ரேகைக்கு நான் இருக்கிறேன்" என்றது மைப்பெட்டி. "யார் விரல் என்று நான் கேட்பதில்லை. உன்னையும் இவள் கசக்கித்தான் போடுவாள், பார்."

இருளாயி வடையைத் தின்றாள். கசக்கப் போனவள் நிறுத்தி, எழுத்துக் கூட்டி வாசித்தாள். அதற்குள் நோட்டு அவளிடம் வந்துவிட்டது.

"வாசிச்சுக் காட்டிட்டுத்தான் கையெழுத்து வாங்கணும்னு இதுல போட்டிருக்கே" என்றாள்.

"எதுல? வடை மடிச்ச காகிதத்துலயா?" என்றார் கிளார்க்.

கூட்டம் சிரித்தது.

"நீங்க குடுத்த காகிதந்தான சார். வாசிங்க."

"மேல இன்னும் எழுதலத்தா. கீழ பேருதான் இருக்கு."

"அப்ப பேரையே வாசிங்க. வந்தவுக எல்லாரும் கேக்கட்டும்."

பேர் வாசிப்பதில் என்ன வந்துவிடப் போகிறது என்று கிளார்க் மைக்கை வாங்கினார். மைக்குக்கு மறைக்கத் தெரியாது. கூடியிருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

"ஒண்ணாம் நம்பர், கைரேகை, ஆ. கோட்டைச்சாமி."