மின்னலுக்கு உத்தரவு

டி.வி. ஆன்டெனா மாட்ட வந்த மூக்காண்டி, மின்னல் மண்ணுக்குள் இறங்க எர்த் கம்பி வேணும், முற்றத்தில் குழி தோண்டணும் என்றான். பண்ணையார் சங்கரலிங்கத்துக்கு மீசை துடித்தது.

"புது டைல்ஸைப் பேர்க்கவா? மின்னலா இருந்தாலும் என்னைக் கேக்காம இங்க வராது, போகாது. வேற வழி பாருலே!"

"சரிங்கய்யா."

சாப்பிட்டுவிட்டு முற்றத்து இரும்பு நாற்காலியிலேயே குறட்டை விட்ட பண்ணையாரை இடிச்சத்தம் எழுப்பியது. குனிந்து பார்த்தால், மாடி ஆன்டெனாவிலிருந்து இறங்கிய எர்த் கம்பி நாற்காலிக் காலில் சுற்றியிருந்தது.

"என்னலே இது?"

"மின்னல் உங்களைக் கேட்டுட்டே போகட்டும்னுதான்யா."

பண்ணையார் துள்ளியெழுந்து கடப்பாரையைத் தூக்கினார். டைல்ஸ் தெறித்தது.

"ஆழமாத் தோண்டுங்கய்யா," என்றான் மூக்காண்டி. "வாறது உங்களைவிடப் பெரிய ஆளு."